"தண்ணிப் பக்கம் போகாதே" என்று சொன்னால் போதுமா?



கோல சிலாங்கூர் வட்டாரத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் பழக்கமான ஒரு வாக்கியம் உண்டு. "தண்ணிப் பக்கம் போகாதே!" புக்கிட் ரோத்தானில் இருந்தாலும், ஈஜோக்கில் இருந்தாலும், ஜெராம், தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் வரை எந்தத் தோட்டத்தில் இருந்தாலும் அம்மாவின் வாயிலிருந்து இந்த வாக்கியம் ஒரு முறையாவது வந்திருக்கும். பள்ளி விடுமுறை வந்துவிட்டால் ஒரு நாளைக்குப் பத்து முறை வரும்.

அந்தத் தாயைக் குறை சொல்ல முடியாது. இந்த வட்டாரத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர்தான். சிலாங்கூர் ஆறு ஓடுகிறது. தஞ்சோங் காராங்கிலும் செகிஞ்சானிலும் வயலுக்குத் தண்ணீர் கொண்டு போகும் வாய்க்கால்கள் கோடு போட்டது போல நீண்டு கிடக்கின்றன. முன்பு பத்தாங் பெர்ஜுந்தை என்று அழைக்கப்பட்ட பெஸ்தாரி ஜெயாவைச் சுற்றி, ஈயம் தோண்டி விட்டுப்போன குட்டைகள் இருக்கின்றன. மேற்கே போனால் கடல். குளிக்கப் போன பிள்ளை திரும்பி வரவில்லை என்ற செய்தியை நம் பத்திரிகைகளில் எத்தனை விடுமுறைக் காலங்களில் படித்திருக்கிறோம்!

ஆகவே அம்மாவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. கேள்வி அதுவல்ல. "போகாதே" என்ற ஒரு சொல், பிள்ளையின் உயிரைக் காப்பாற்றப் போதுமா? இன்றைய உரை அதைப் பற்றித்தான். ஆனால் பேசப்போவது நீச்சலை மட்டும் அல்ல. பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொள்வதைப் பற்றி.

"பாய்மரப் படகா? அது பணக்காரர்களின் விளையாட்டாயிற்றே!" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். அதற்கும் பதில் இருக்கிறது.

கடல் கடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்

முதலில் ஒரு பழைய கதை. நம் முன்னோர் இந்த மண்ணுக்கு நடந்து வரவில்லை. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறி, பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கினார்கள். அந்தப் போர்ட் சுவெட்டன்ஹாம்தான் இன்றைய கிள்ளான் துறைமுகம். 1926-ல் கட்டப்பட்ட 'ரஜூலா' கப்பலின் பெயரைச் சொன்னால் இன்றும் பல பெரியவர்களின் கண் கலங்கும். 5,000-க்கும் மேற்பட்ட மேல்தளப் பயணிகளை ஏற்றிச் செல்ல அனுமதி பெற்றிருந்த கப்பல் அது. அதற்குப் பின் வந்த 'சிதம்பரம்' கப்பலோ 1985-ல் தீ விபத்துக்கு உள்ளானது. அத்தோடு அந்தக் கப்பல் பயணக் காலமும் முடிந்து போனது.

வந்தவர்கள் காட்டை அழித்தார்கள், ரப்பர் நட்டார்கள். இந்த நாட்டில் செம்பனை முதன்முதலாக வாணிக முறையில் பயிரிடப்பட்டது 1917-ல். எங்கே தெரியுமா? பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில். தோட்டத்தை உருவாக்கியவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். பெயர் மட்டும் நம் மொழியில் இருக்கிறது. இன்று நாடு முழுவதும் பரந்து கிடக்கும் செம்பனைக்குத் தொடக்கப்புள்ளி அந்தத் தமிழ்ப் பெயர்தான்.

ஆனால் தோட்டத்துக்குள் நுழைந்த பிறகு நாம் கடலுக்கு முதுகைக் காட்டிவிட்டோம். விடிவதற்கு முன் பெரட்டு, பிறகு வெட்டு, மாலையில் லயன் வீடு. கடற்கரையை ஒட்டிய தோட்டங்களில்கூடத் தண்ணீர் என்பது தடுத்து நிறுத்த வேண்டிய ஒன்று. அதற்காக மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பினார்கள், வடிகால் வெட்டினார்கள். கடல் தெரியும் தூரத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தும், படகில் கால் வைக்காத குடும்பங்கள் எத்தனையோ உண்டு. கம்போங் குவாந்தானில் மின்மினிப் பூச்சி பார்க்கப் போன அன்றுதான் வாழ்க்கையில் முதன்முதலாக லைஃப் ஜாக்கெட் போட்டவர்கள் நம்மில் பலர்.

'கட்டுமரம்' என்ற நம் சொல்லைத்தான் ஆங்கிலேயன் எடுத்து 'கேட்டமரான்' என்று உலகெங்கும் பரப்பினான். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் கடாரம் வரை கப்பல் செலுத்திய மரபு என்று மேடையில் பெருமையாகப் பேசுகிறோம். மேடையை விட்டு இறங்கியதும் "தண்ணிப் பக்கம் போகாதே" என்கிறோம்.

சென்னையில் ஒரு கோடை முகாம்

இனி நம் காலத்துக்கு வருவோம். 1911-ல் சென்னைத் துறைமுகத்துக்குள் ஒரு படகுக் கழகம் தொடங்கப்பட்டது. துறைமுகப் பொறுப்பிலிருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்ற வெள்ளைக்காரர் தொடங்கியது. இன்று அதன் பெயர் ராயல் மெட்ராஸ் யாட் கிளப். ஆண்டைக் கவனியுங்கள். மலாயாவில் ரப்பருக்குக் கிராக்கி ஏறிய காலம். அதே துறைமுகத்திலிருந்து நம் தாத்தாக்கள் மூட்டை முடிச்சுகளோடு கப்பல் ஏறிக்கொண்டிருந்த காலம். ஒரு பக்கம் துரைமார்கள் பொழுதுபோக்குக்குப் படகு விட்டார்கள். மறுபக்கம் நம்மவர்கள் பிழைப்புக்குக் கடல் தாண்டினார்கள்.

சுமார் நூறு ஆண்டுகள் கழித்து, 2009-ல், அதே சென்னைக் கரையில் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கம் ஒரு கோடை முகாம் நடத்தியது. கோடை விடுமுறையில் பிள்ளைகள் ஓவியம், கணினி என்று எதிலாவது சேருவார்கள் அல்லவா? அப்படிப் படகு கற்றுக்கொள்ள வந்த பிள்ளைகளில் நேத்ரா குமணன் என்ற சிறுமியும் ஒருத்தி. வயது பன்னிரண்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதற்கு முன் டென்னிஸ், கூடைப்பந்து, பரதநாட்டியம் எல்லாம் தொட்டுப் பார்த்தவள். படகில் ஏறியவள் அதை விடவே இல்லை.

அந்தச் சிறுமி 2020-ல் அமெரிக்காவின் மியாமியில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் வெண்கலம் வென்றார். 2021-ல் ஓமானில் நடந்த தகுதிச் சுற்றைத் தாண்டி, ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டிக்குத் தேர்வான முதல் இந்தியப் பெண் ஆனார். தோக்கியோவில் 35-வது இடம். மூன்று ஆண்டுகள் கழித்து 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 21-வது இடம். பதக்கம் இல்லைதான். ஆனால் ஒரு கோடை முகாமில் தொடங்கிய பிள்ளை, உலகின் தலைசிறந்த பெண்களோடு அலைமேல் மோதி, பதினான்கு படி ஏறி வந்திருக்கிறாள். இது சின்ன விஷயமா?

இன்னொரு செய்தி. தோக்கியோவுக்கு இந்தியா அனுப்பிய பாய்மரப் படகு வீரர்கள் நால்வர். நேத்ரா, விஷ்ணு சரவணன், கே.சி. கணபதி, வருண் தாக்கர். நால்வருமே தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள்.

காசு இருந்தால்தானா?

இப்போது அந்தப் பணக்கார விளையாட்டுக் கேள்விக்கு வருவோம். மழுப்பாமல் பேச வேண்டும். நேத்ரா வசதியான குடும்பத்துப் பெண். ஸ்பெயின் நாட்டுத் தீவில் தங்கிப் பயிற்சி பெற்றவர். உலகத் தரத்துக்குப் போக வேண்டுமானால் செலவு உண்டு. மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் மற்றவர்களையும் பாருங்கள். விஷ்ணு சரவணன் வேலூர்க்காரர். அப்பா இந்திய இராணுவத்தில் சுபேதார், அவரும் படகு வீரர். மகன் கற்றுக்கொண்டது இராணுவத்தின் பயிற்சி நிலையத்தில். 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் அவருக்கு வெண்கலம் கிடைத்தது.

அதே போட்டியில் வெள்ளி வாங்கிய நேஹா தாக்கூர் என்ற பதினேழு வயதுப் பெண்ணின் கதை இன்னும் பெரிது. அவர் ஒரு விவசாயியின் மகள். ஊர் மத்தியப் பிரதேசம், தேவாஸ் மாவட்டம். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், அந்த மாநிலத்துக்குக் கடலே கிடையாது! போப்பாலில் உள்ள ஏரியில் படகு பயின்று, ஆசியாவின் இரண்டாம் இடத்துக்கு வந்தார். அங்கே ஏரிக்கரையில் ஒரு பாய்மரப் படகுப் பயிற்சிப் பள்ளி இருந்தது. யாரோ ஒருவர் அந்த விவசாயி மகளை அங்கே கொண்டு போய்ச் சேர்த்தார். கடல் இல்லாத ஊரில் இது நடக்கும் என்றால், கடல் இருக்கும் ஊரில் ஏன் நடக்கக்கூடாது?

பிள்ளைகள் முதலில் ஏறும் 'ஆப்டிமிஸ்ட்' என்ற சின்னப் படகின் பிறப்பும் இதையேதான் சொல்கிறது. 1947-ல் அமெரிக்காவின் புளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்பவர் வடிவமைத்தார். ஏழைப் பிள்ளையும் வாங்கும் விலையில், ஒட்டுப்பலகையில், வீட்டுக் கொட்டகையில் வைத்தே செய்யக்கூடிய படகு வேண்டும் என்பதுதான் அவருக்கு வைக்கப்பட்ட கோரிக்கை. நீளம் 2.36 மீட்டர். எடை 35 கிலோ. மூக்கு வெட்டிய தொட்டி போல இருக்கும். பதினைந்து வயது வரை அதில் போட்டியிடலாம். கழகங்களில் சேரும் பிள்ளைகள் சொந்தப் படகு வாங்கிக்கொண்டு போவதில்லை. முதல் வகுப்புக்குக் கழகத்தின் படகே போதும்.

முதல் வாரத்தில் என்ன நடக்கும்?

தொடக்க வகுப்பில் பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று தெரிந்தால் பெற்றோரின் பயம் பாதி குறையும்.

முதல் பாடம் கரையில்தான். லைஃப் ஜாக்கெட் சரியான அளவா என்று பார்ப்பார்கள். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கினால் அது காதுவரை ஏறி வரக்கூடாது. பிறகு காற்று எங்கிருந்து வருகிறது என்று கேட்பார்கள். நம் பிள்ளைகளில் பலர் அதுவரை யோசித்தே பார்த்திராத கேள்வி அது. கொடி ஆடுவதைப் பார், தண்ணீரில் சிலிர்ப்பு ஓடுவதைப் பார், கன்னத்தில் எந்தப் பக்கம் படுகிறது என்று பார். காற்றைக் கண்ணால் பார்க்கக் கற்பதுதான் தொடக்கம்.

அடுத்தது படகு. பின்னால் சுக்கான், அதைத் திருப்ப ஒரு பிடி. நடுவே தண்ணீருக்குள் இறங்கும் ஒரு பலகை. ஒரு கையில் சுக்கான் பிடி, மறு கையில் பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு. காற்று வரும் திசைக்கு நேராகப் படகு போகாது. ஏறத்தாழ 45 பாகை விலகி, முதலில் இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம் என்று வளைந்து வளைந்துதான் போக வேண்டும். பக்கவாட்டில் படகு நழுவிவிடாமல் அந்த நடுப்பலகை பிடித்துக்கொள்ளும். இப்படி வளைந்து போனால் எதிர்க்காற்றிலும் ஊர் போய்ச் சேரலாம்.

பிறகு வரும் பாடம்தான் மிக முக்கியம். பயிற்றுநரே படகைக் கவிழ்க்கச் சொல்லுவார்! ஆம், வேண்டுமென்றே. படகு சாயும், பிள்ளை தண்ணீரில் விழும். அழுகை வரும், சிரிப்பும் வரும். விழுந்த பிள்ளை முதலில் கற்றுக்கொள்வது, படகை விட்டுப் போகக்கூடாது என்பது. கவிழ்ந்தாலும் படகு மிதக்கும். கரை பக்கத்தில் தெரிகிறதே என்று நீந்தப் புறப்படக்கூடாது. படகைச் சுற்றி வந்து, நடுப்பலகையில் எடையைப் போட்டு ஏறி நின்று, விளிம்பைப் பிடித்துச் சாய்ந்தால் படகு மெல்ல நிமிரும். உள்ளே ஏறித் தண்ணீரை இறைத்துவிட்டுப் பயணத்தைத் தொடரலாம். இதையே திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார்கள். ஐந்தாவது முறை பிள்ளையின் முகத்தில் பயம் இருக்காது.

இன்னொன்றும் சொல்லிக் கொடுப்பார்கள். பயமாக இருந்தால் கயிற்றை விட்டுவிடு. பாய் காற்றில் படபடக்கும், படகு நின்றுவிடும். பதறுகிற கை கயிற்றை இறுக்கிப் பிடிக்கத்தான் பார்க்கும். அப்படிப் பிடித்தால் படகு கவிழும். பதற்றத்தில் கையைத் தளர்த்தத் தெரிவது பெரிய மனிதர்களுக்கே வராத வித்தை. பத்து வயதுப் பிள்ளை அதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்கிறது.

ஆழம் தெரியாமல் காலை விடாதே

நம் பழமொழியைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்றுதான் பெரியவர்கள் சொன்னார்கள். காலையே விடாதே என்று சொல்லவில்லை. ஆழத்தைத் தெரிந்துகொள் என்பதுதான் அதன் பொருள்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் மட்டும் உலகில் ஏறத்தாழ 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளின் மரணத்துக்கு மூன்றாவது பெரிய காரணம் இதுதான். அதே நிறுவனம் சொல்லும் தீர்வுகளில் ஒன்று, பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பிப்பது. தடை போட்டால் பிள்ளை போகாமல் இருப்பதில்லை. நமக்குத் தெரியாமல் போகிறது. தெரியாமல் போகும் பிள்ளைக்கு லைஃப் ஜாக்கெட் ஏது, பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஏது?

பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. "வெயிலில் கறுத்துப் போவாளே, பிறகு யார் கட்டிக்கொள்வார்கள்?" என்ற பேச்சு நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பால் மரம் வெட்டிய பாட்டி கறுத்துப் போகாமலா இருந்தாள்? அவள் வெயிலில் நின்றதால்தான் இந்தக் குடும்பம் நிமிர்ந்தது. 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டுக்காகப் படகு செலுத்திய முதல் மலேசியப் பெண் நூர் ஷஸ்ரின் முகமட் லத்திஃப். அவரும் வெயிலில் நின்றவர்தான்.

எங்கிருந்து தொடங்குவது?

நம் சிலாங்கூர் மாநிலம் பாய்மரத்துக்குப் புதிதல்ல. சிலாங்கூர் சுல்தான், ராஜா மூடாவாக இருந்தபோது 1995-ல் தம் படகில் புறப்பட்டு உலகைச் சுற்றி 1996-ல் திரும்பியவர். 1990-ல் தொடங்கிய ராஜா மூடா சிலாங்கூர் அனைத்துலகப் படகுப் போட்டி கிள்ளான் துறைமுகத்தில் புறப்பட்டு, பங்கோர், பினாங்கு வழியாக லங்காவி போகிறது. அந்தப் படகுகள் வடக்கே போகும் வழி நம் கோல சிலாங்கூர், செகிஞ்சான், சபாக் பெர்ணம் கரைகளுக்கு அப்பால் உள்ள கடல்தான். 1999-ல் தனியொருவராக உலகைச் சுற்றி வந்த அசார் மன்சோர் நம் நாட்டவர். அந்த வரிசையில் ஒரு தமிழ்ப் பெயர் ஏன் வரக்கூடாது?

அதற்காக நாளைக் காலையே பாசிர் பெனாம்பாங் பக்கம் போய் ஏதாவது ஒரு படகில் ஏறச் சொல்லவில்லை. நம் கரை சேற்றுக் கரை. கடல் வற்றினால் நெடுந்தூரம் சேறுதான் தெரியும். அதோடு, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மலாக்கா நீரிணையில் விடிவதற்கு முன்னும் காலையிலும் 'சுமத்ரா' என்று அழைக்கப்படும் சூறைக்காற்று திடீரென்று வீசும். இவற்றையெல்லாம் அறிந்தவர்களிடம்தான் கற்க வேண்டும். கிள்ளான் துறைமுகத்தில் அரச சிலாங்கூர் படகுக் கழகம் இருக்கிறது. போர்ட் டிக்சனிலும் படகுக் கழகம் உண்டு. தொடக்க வகுப்பு எப்போது, கட்டணம் எவ்வளவு, உறுப்பினர் அல்லாதவர் சேரலாமா என்று தொலைபேசியில் கேட்க ஐந்து நிமிடம் போதும்.

கேட்கும்போது இன்னும் சில கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். பயிற்றுநர் தகுதிச் சான்றிதழ் பெற்றவரா? பிள்ளைகளோடு கூடவே மோட்டார் பாதுகாப்புப் படகு வருமா? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பிள்ளைகள்? லைஃப் ஜாக்கெட் பிள்ளையின் அளவுக்கு இருக்கிறதா? இடி மின்னல் வந்தால் என்ன செய்வார்கள்? இந்தக் கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் வந்தால் நம்பி அனுப்பலாம். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

அதற்கு முன் நீச்சல். அது இல்லாமல் படகைப் பற்றிப் பேச வேண்டாம். பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் இதைக் கையில் எடுக்கலாம். ஆண்டுக்கு ஒரு முறை பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி விலங்குத் தோட்டம், பேரங்காடி என்று அழைத்துப் போகிறோம் அல்லவா? ஒரு முறை அந்தப் பேருந்து நீச்சல் குளத்துக்குப் போகட்டும். அடுத்த முறை படகுக் கழகத்துக்குப் போகட்டும். இளைஞர் மன்றங்களும் ஆலய நிர்வாகங்களும் திருவிழாச் செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினால், தோட்டத்துக்கு ஐந்து பிள்ளைகள் என்று எடுத்துக்கொண்டாலும் ஓராண்டில் எத்தனை பிள்ளைகள் நீந்தக் கற்பார்கள்!

அவர்கள் எல்லாரும் ஒலிம்பிக் போக வேண்டியதில்லை. ஒருவர் கடற்படைக்குப் போகலாம், ஒருவர் கப்பல் பொறியியல் படிக்கலாம். மற்றவர்கள் வேறு வேலை பார்க்கட்டும். ஆனால் ஒரு விடுமுறை நாளில் தம்பி கால் வழுக்கி வாய்க்காலில் விழும்போது, கரையில் நின்று கத்தாமல் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த ஒரு பிள்ளை அந்த வீட்டில் இருக்கும். அதற்காகவே கற்றுக்கொடுக்கலாம்.

இன்று வீட்டுக்குப் போனதும் "தண்ணிப் பக்கம் போகாதே" என்று சொல்ல வாய் வரும். சொல்லுங்கள், தப்பில்லை. அதோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "வா, முதலில் கற்றுக்கொள்ளலாம்."